கல்லறைத் தோட்டத்துப் புதிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தின் பழைய அங்கிலிக்கன் ஆலயம் ஒன்றின் கல்லறைத் தோட்டத்தை வைத்து நான் அமைத்த ஜியோகேச் புதிரைப் பற்றிய பக்கம் இது. தேடி வருகிறவர்களும், தேடாமலே சண்டைக்கு வருகிறவர்களும் கேட்பவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். விடை மட்டும் இங்கே இல்லை.

ஜியோகேச்சிங் என்றால் என்ன?

ஒருவர் சிறு பெட்டி ஒன்றை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கைப்பேசியில் இருக்கும் ஜி.பி.எஸ். துணையோடு தேடிப் போவார்கள். கண்டெடுத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். பரிசு, பணம் எதுவும் கிடையாது.

ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வந்தது. சாதாரண மக்களின் கருவி அதனால் நூறு மீற்றர் வரை தடுமாறும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. மே 3ஆம் திகதியே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்துவிட்டு, அதன் இலக்கங்களை அறிவித்தார். விளையாட்டு அங்கிருந்து தொடங்கியது. இன்றைய விதிகளின்படி அந்த முதல் வாளிக்கே அனுமதி கிடைக்காது, மண்ணைத் தோண்டிப் பெட்டி வைப்பது தடை.

நமது பக்கம் இந்த விளையாட்டு இன்னும் அரிதுதான். எல்லா வளைவிலும் ஒரு காட்சி நிற்கும் மலைநாட்டில், நின்று பார்ப்பதற்கு இப்படியொரு சாக்குத் தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்பது நியாயமே.

புதிர் என்ன? முழுதாகச் சொல்லுங்கள்.

இரண்டு பகுதி. முதலாவது, எந்த ஆலயம் என்று கண்டுபிடிப்பதற்கான நான்கு வரிகள்:

எனக்குக் கீழே அன்று ஆறு ஓடியது. இன்று அது படுத்துக் கிடக்கிறது.
ஆறு படுப்பதற்கு எண்பத்தேழு ஆண்டுக்கு முன் என் கதவு திறந்தது.
கோப்பி சாகும் காலத்தில் பிறந்தேன்; தேயிலை வளரக் கண்டேன்.
என் முற்றத்தில் உறங்குவோர் கடல் கடந்து வந்தார்கள், திரும்பவில்லை.

இரண்டாவது, ஆறு எண்கள்.

அ: வாயிலால் உள்ளே வரும்போது இடக்கைப் பக்கம் முதலில் நிற்கும் கல்லில், இறந்த ஆண்டின் கடைசி இலக்கம்.
ஆ: ஒரே கல்லின் கீழ் இருக்கும் கணவன் மனைவி இருவரின் மறைவுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள்.
இ: வயது மாதக்கணக்கில் பொறிக்கப்பட்ட சிறிய கல்லில், எத்தனை மாதம்.
ஈ: பிறந்த ஊரைச் சொல்லும் கல்லில், அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளின் எண்ணிக்கை.
உ: ஆலயம் எழுந்த ஆண்டின் இலக்கங்களைக் கூட்டி, ஒற்றை இலக்கம் வரும்வரை மீண்டும் கூட்டவும்.
ஊ: ஆறு படுத்த ஆண்டுக்கும் அப்படியே.

பாகையும் முழு நிமிடமும் ஆலயத்துக்கு உரியவையே. வடக்கின் கடைசி மூன்று இலக்கம் ஆ, உ, அ. கிழக்கின் கடைசி மூன்று இலக்கம் ஈ, ஊ, இ. ஆறு எண்களையும் கூட்டினால் 29 வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கல்லைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், புறப்படாதீர்கள்.

வரைபடத்தில் காட்டியிருக்கும் புள்ளியில் போய்ப் பார்த்தேன், ஒன்றுமே இல்லையே?

இருக்காது. புதிர் வகைப் பெட்டிகளில் வெளியிடப்படும் புள்ளி பெயருக்கு வைப்பது. உண்மையான இடம் அதிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பது வழமை, அவ்வளவுதான். அந்தச் சந்தியில் இருக்கும் தேநீர்க் கடைக்காரரைக் கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள், பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

நுவரெலியா ஹோலி டிரினிட்டி ஆலயம்தானே?

இல்லை. அது 1852இல் கொழும்பின் முதல் ஆயர் ஜேம்ஸ் சாப்மன் அபிஷேகம் செய்த ஆலயம். எண்பத்தேழைக் கூட்டினால் 1939 வருகிறது. அந்த ஆண்டில் அங்கே எந்த ஆறும் படுக்கவில்லை. கிரகரி வாவி அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

அப்படியானால் பதுளையா, அப்புத்தளையா, பொகவந்தலாவையா?

தவறான ஊகங்களிலேயே எனக்குப் பிடித்தவை இவை. ஒவ்வொன்றும் ஒரு புதிருக்குத் தகுதியான இடம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பதுளை சென் மார்க்ஸ் ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் நினைவாக எழுப்பப்பட்டது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்று பேர் எடுத்தவர் அவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளைக் கணவாயில் இடி விழுந்து இறந்தார். ஆலயம் பதுளையில், உடலோ நுவரெலியாவில். அந்தக் கல்லறையின் மேலும் இடி விழுந்ததாகச் சொல்வார்கள். யானைகளின் சாபம் என்று கதை சொல்பவர்கள் இதை விடுவார்களா? ஆனால் என் நான்கு வரிகளில் யானையும் இல்லை, இடியும் இல்லை.

அப்புத்தளை சென் அன்ட்ரூஸ் ஆலயம் 1869ஐச் சேர்ந்தது. இலங்கையின் கோப்பி இலைகளில் துரு நோய் முதன்முதலாகப் பதிவான ஆண்டும் அதுவே. ஆகவே மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டு அங்கே ஓடுகிறார்கள். கண்டி டிரினிட்டிக் கல்லூரியில் பணியாற்றிய கவிஞர் வால்டர் ஸ்டான்லி சீனியர் 1938இல் இறந்தார். அவருடைய அஸ்தி அங்கேதான் இருக்கிறது. அருமையான இடம், சந்தேகமில்லை. ஆனால் கீழே பள்ளத்தாக்கைத் தேடலாம், படுத்த ஆறு கிடைக்காது.

பொகவந்தலாவை சென் மேரிஸ் சற்று நெருங்கிய ஊகம், ஏனென்றால் அதே மலைத்தொடர்ப் பக்கம்தான். அங்கே ஜூலியா மார்கரெட் கமரனும் அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நாற்பத்தெட்டாவது வயதில், 1863இல், மகள் வாங்கிக் கொடுத்த கமராவோடு தொடங்கி டார்வினையும் டெனிசனையும் படம்பிடித்த அம்மையார் அவர். 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தவர், 1879 ஜனவரி 26ஆம் திகதி காலமானார். கணவரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள். இராஜகாரிய முறையை ஒழிக்கப் பரிந்துரைத்த கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவர்தான். இந்த இருவரையும் கீழே பயிற்சிக் கணக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். புதிரின் ஆலயம் இதுவல்ல.

மவுசாகலைப் பக்கமா? பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனதே?

நல்ல ஊகம், தவறான நீர்த்தேக்கம். மவுசாகலையில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தண்ணீருக்குள் போயின. வரட்சிக் காலத்தில் தலை காட்டுகின்றன என்று ஆண்டு தவறாமல் பத்திரிகைகளில் படம் வருகிறது. நம்முடைய ஆலயம் நனையவில்லை. மேட்டில் நின்று, தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் ஓர் எழுத்துச் சொன்னாலும் விடை வந்துவிடும். களனி கங்கை இரண்டு ஓயாக்கள் கூடி உண்டாவது. மவுசாகலை அவற்றில் ஒன்றின் குறுக்கே இருக்கிறது.

கண்டிக் கரிசன் மயானமாக இருக்கலாமா?

அது ஆலய முற்றம் அல்ல, படைமுகாமின் மயானம். கண்டியில் பிரிட்டிஷ் வதிவிட அதிகாரியாக இருந்து 1824இல் இறந்த ஜோன் டொயிலி அங்கே இருக்கிறார், 1856இல் காட்டு யானை மிதித்து இறந்த ஜோன் ரொபர்ட்சனும் இருக்கிறார். கண்டிக்குப் போனால் தலதா மாளிகைக்குப் பின்புறம் ஏறிப் பாருங்கள்.

எண்களை வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிட முடியாதா?

உ, ஊ இரண்டும் வீட்டிலேயே கிடைக்கும். நூலகமோ இணையமோ போதும். மீதி நான்குக்கு நேரில் வரவேண்டும். பழைய கல்லெழுத்துகளை வெள்ளைக்காரர் காலத்திலேயே தொகுத்து வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அவற்றைப் புரட்டிவிட்டுச் சிலர் விடை அனுப்பவும் செய்கிறார்கள். தடுக்க எனக்கு வழியில்லை. ஆனால் ‘வாயிலுக்கு இடக்கைப் பக்கம்’ எது என்று எந்தத் தொகுப்பும் சொல்லாது.

கணக்கு குழப்புகிறது. ஒரு மாதிரி காட்டுங்கள்.

கமரன் தம்பதியரை எடுத்துக்கொள்வோம். ஜூலியா இறந்த ஆண்டு 1879, கடைசி இலக்கம் 9. சார்ல்ஸ் இறந்தது 1880 மே 8, நாள் 8. ஜூலியா பிறந்த ஆண்டு 1815: 1, 8, 1, 5 கூட்டினால் 15, அதை மீண்டும் கூட்டினால் 6. ஆகவே மூன்று இலக்கம் 986. பயிற்சிக்காக ‘வடக்கு 06 பாகை 48.986 நிமிடம்’ என்று எழுதிப் பார்க்கிறோம். அந்த இடத்தில் எதுவும் இல்லை, தயவுசெய்து போகாதீர்கள்.

பெரும்பாலானோர் விழுவது 15இல். ‘கூட்டவும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டு இரண்டு இலக்கத்தை ஓர் இடத்தில் திணிக்கப் பார்க்கிறார்கள். ஒற்றை இலக்கம் வரும்வரை என்றால் வரும்வரைதான்.

எந்த இலக்கம் பிசகினால் எவ்வளவு விலகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அகலாங்கில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1,850 மீற்றர். ஆகவே புள்ளிக்குப் பின் முதல் இலக்கம் ஒன்று பிசகினால் 185 மீற்றர், இரண்டாவது பிசகினால் 18 மீற்றருக்குச் சற்று அதிகம், மூன்றாவது என்றால் இரண்டு மீற்றருக்கும் குறைவு. நெட்டாங்கிலும் நமது நாட்டில் ஏறத்தாழ இதே அளவுதான், நாம் நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம். மூன்றாவது இலக்கத்தைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். கைப்பேசியின் பிழையே அதைவிடப் பெரிது.

கைப்பேசி வரைபடத்தில் போட்டால் வேறு மாகாணத்தைக் காட்டுகிறதே?

பாகையும் நிமிடமுமாக இருப்பதைத் தசமப் பாகையாக அப்படியே எழுதிவிட்டீர்கள். மேலே சொன்ன பயிற்சி இலக்கத்தில் 48.986 நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும். 0.81643 வரும். ஆகவே 6.81643. வகுக்காமல் 6.48986 என்று போட்டால் ஏறத்தாழ 36 கிலோமீற்றர் தெற்கே போய் நிற்பீர்கள். ஓட்டோவுக்குக் காசு கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனையான காரியம்.

பெட்டியை ஏன் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே வைக்கவில்லை? வெளிநாட்டில் ஆலயச் சுவரிலேயே வைக்கிறார்களே.

இங்கிலாந்தில் கிராமத்து ஆலயங்களைச் சுற்றி இப்படிப் பெட்டி வைப்பது ஒரு தனிப் பழக்கமாகவே வளர்ந்திருக்கிறது, உண்மைதான். அந்த யோசனையை இங்கே அப்படியே நட முடியாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இந்த நாட்டு ஆலயங்களில் என்ன நடந்தது என்பதை நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன்னே முப்பது ஆண்டு யுத்தம். யாருடையது என்று தெரியாத ஒரு பொதி பஸ் இருக்கையின் கீழ் கிடந்தாலே எழுந்து இறங்கிவிடும் மக்கள் நாம். அப்படிப்பட்ட ஊரில், ஆலய வளாகத்துக்குள், ஒளித்து வைத்த ஒரு பெட்டி. அதைத் தேடிக் குனிந்து நிமிர்ந்து திரியும் முன்பின் தெரியாத ஒருவர். அவர் விளையாடுகிறார் என்று ஆராதனைக்கு வந்த ஒரு தாய் எப்படி ஊகிப்பாள்? ஊகிக்க வேண்டிய கடமைதான் அவளுக்கு என்ன?

ஆகவே தொடக்கத்திலிருந்தே இது எனக்கு முடிவான விடயம். கல்லறைத் தோட்டம் எண்களை மட்டும் தரும். அதற்குள் நீங்கள் செய்யவேண்டியது நடப்பதும் வாசிப்பதும். எதையும் தூக்கவும், நகர்த்தவும், கைவிட்டுத் துழாவவும் வேண்டியதில்லை. பெட்டி ஆலய எல்லைக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில், பொது வழியோரம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியும் ஒளி ஊடுருவும் பெட்டி அது. மேலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அது என்னவென்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆலயத்துக்குப் பொறுப்பான குருவானவரிடமும், பெட்டி இருக்கும் காணிக்கு உரியவர்களிடமும் முதலில் அனுமதி பெற்றேன். அனுமதி பெறாமல் பெட்டி வைத்துவிட்டு, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் மற்ற எல்லாருக்கும் கதவை அடைக்கிறார்கள்.

‘புதையல் வேட்டை’ என்று பொலிஸில் பிடித்துக்கொடுத்துவிட மாட்டார்களா?

சிரிப்பதற்கான கேள்வி இல்லை இது. புதையல் தோண்டச் சென்று கைதானவர்களைப் பற்றிய செய்தி இல்லாமல் நமது நாட்டில் ஒரு மாதம் கழிவது அரிது. பாறை, பாழடைந்த கட்டடம், பழைய கல்லறை என்று எதையும் விட்டு வைப்பதில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்று சட்டம் வரையறுக்கிறது. கண்டி உடன்படிக்கையின் திகதி அது. துரைமார் கல்லறைகள் அதற்குப் பிந்தியவைதான். அதனால் தோண்டலாம் என்று ஆகிவிடாது. கல்லறையில் கை வைப்பது எந்தக் காலத்துக் கல்லறையானாலும் குற்றம்.

நடைமுறையில் செய்யவேண்டியது எளிது. பகலில் வாருங்கள். மண்வெட்டி, அலவாங்கு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவி எதையும் கொண்டுவராதீர்கள். கொழுந்து கிள்ளுபவர்களோ கங்காணியோ “என்ன தேடுறீங்க?” என்று கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். விளையாட்டு இரகசியமாக இருக்கவேண்டும் என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் படித்துவிட்டு, கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பவர்களால்தான் தொல்லை வருகிறது. தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், உங்களைத்தான் தெரியாது. கைப்பேசியில் இந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். சில நேரம் கூடவே வந்து தேடியும் தருவார்கள், அதில் விதி மீறல் எதுவும் இல்லை.

கல்லில் பாசி ஏறி எழுத்துத் தெரியவில்லை. சுரண்டலாமா?

கூடாது. கம்பித் தூரிகை, கத்தி, சவர்க்காரத் தூள், குளோரின் எதுவும் கூடாது. எழுத்தின் மேல் கோதுமை மாவோ சுண்ணக்கட்டித் தூளோ பூசிப் படமெடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதுவும் வேண்டாம். ஈரமான மலைக் காற்றில் மாவு கல்லின் நுண்துளைக்குள் தங்கிப் பூஞ்சணம் வளர்க்கும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பதும் உதிரும் கல்லுக்கு ஆபத்து. ஒன்றரை நூற்றாண்டு மழையைத் தாங்கிய கல், உங்கள் ஓர் எண்ணுக்காக ஏன் உதிர வேண்டும்?

வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டுவது நல்ல வழி. பொறிப்பின் மேல் ஒளி நேராக விழுந்தால் எழுத்து மறையும், பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் உண்டாகி எழுத்து எழுந்து நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் சூரியனே அந்த வேலையைச் செய்யும். மூடுபனி என்றால் கல்லின் ஓரத்தில் கைவிளக்கைப் பிடித்து, கூட வந்தவரைக் குடையால் நிழல் போடச் சொல்லுங்கள். படமெடுத்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக்கி, மாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். பழைய கல்லில் 1, 7 இரண்டும் மாறித் தெரியும். 3க்கும் 8க்கும் இடையே சந்தேகம் வரும். அதற்குத்தான் 29 என்ற கூட்டுத்தொகை.

நாங்கள் இந்துக்கள். உள்ளே போகலாமா? சுடலைக்குப் போனால் தீட்டு என்று அம்மா சொல்கிறார்.

ஆலயம் யாரையும் சமயம் கேட்டு நிறுத்துவதில்லை. அம்மாவிடம் நான் வாதாட வரமாட்டேன். விரும்பாதவர்கள் வாயிலுக்கு வெளியே நின்று குடும்பத்தின் கணக்குப்பிள்ளை வேலையைப் பார்க்கலாம். உள்ளே போனவர் சத்தமாக எண்ணைச் சொல்ல வேண்டாம், கைப்பேசியில் அனுப்பட்டும். வீட்டுக்குப் போய்க் குளிப்பது உங்கள் விருப்பம். அட்டை கடித்த கால்களோடு எப்படியும் குளிக்கத்தான் போகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

ஆராதனை முடிந்த பிறகு வரலாம். திருமணமோ அடக்கமோ நடந்தால் திரும்பிப் போங்கள். பழைய ஆலயம் என்றாலும் அது உயிரோடு இருக்கும் சபை. காணிக்கைப் பெட்டியில் ஏதாவது போட்டால் கூரை ஒழுக்குக்கு உதவும், கட்டாயமில்லை.

எல்லாக் கல்லும் ஆங்கிலப் பெயராகவே இருக்கிறது. நம்மவர்கள் எங்கே?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது.

இந்த முற்றத்தில் கல் நட்டிருப்பது துரைமாருக்கும் அவர்களுடைய மனைவி மக்களுக்கும். இருபது, முப்பது வயதில் இறந்த தோட்ட அதிகாரிகளின் கற்களே மலையகத்து ஆலய முற்றங்கள் எங்கும் நிறைய. காய்ச்சல், வயிற்றோட்டம், பிரசவம். அந்தச் சாவுகள் சிறியவை என்று நான் சொல்லமாட்டேன். புதிரின் மூன்றாவது எண்ணுக்காக நீங்கள் நிற்கப்போகும் கல் ஒரு கைக்குழந்தையுடையது.

அவர்களுக்குக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்கள் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து நடந்து வந்தவர்கள். தோட்டத்து மயானத்தில் மண்மேடாக முடிந்தார்கள். மண்மேட்டில் திகதி இல்லை, ஆகவே புதிருக்கு எண் கிடைக்காது. மேலே சொன்ன கமரன் அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களிலும் இதே கதைதான். தமிழ்த் தொழிலாளர் முகங்கள் இன்றும் துல்லியமாகத் தெரிகின்றன, பெரும்பாலானவற்றுக்குப் பெயர் மட்டும் இல்லை. டார்வின் படத்துக்கு அந்தக் குறை இல்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே அங்கிலிக்கன் மிஷன் பணி தொடங்கியபோது, உபதேசியார்மார் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். இன்று இந்த ஆலயங்களைப் பெருக்கித் துடைத்து, மணியடித்து, புல் வெட்டி, பாட்டுப் பாடி நடத்துபவர்களில் பெரும்பாலானோர் தமிழர். கற்களில் ஆங்கிலம், வாயிலில் தமிழ். உங்கள் தோட்டத்தின் பழைய மயானம் எங்கே இருந்தது என்று தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி வைக்க வேண்டாம். குறித்து வைத்தால் போதும்.

எந்தக் காலம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவில்தான் நேராக முட்டும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. மழை என்றால் அட்டை, மண்சரிவு எச்சரிக்கை, வழுக்கும் கல்படி.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? ஆபத்து ஏதாவது உண்டா?

கூட்டி வாருங்கள், எண் தேடுவதில் பெரியவர்களைவிட அவர்கள் கெட்டி. நிமிர்ந்து நிற்கும் சிலுவைக் கற்களில் சாயவும் ஏறவும் விடாதீர்கள். பழைய கல் அடியில் இற்றுப்போயிருக்கும், சாய்ந்தால் பிள்ளைக்குமேல்தான் விழும்.

அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ போதும். குளவி வேறு விடயம். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி மருத்துவமனைக்குப் போகும் செய்தி வாராவாரம் வருகிறதே, அதே குளவிதான். மரத்திலோ பாறையிலோ கூடு தெரிந்தால், பெட்டி பக்கத்திலேயே இருந்தாலும் திரும்புங்கள். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வராதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு தேட வேண்டாம், தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. இரவில் தேட இது ஏற்றதல்ல என்று பெட்டியின் விவரத்திலும் குறித்திருக்கிறேன்.

சிரம அளவு என்ன?

ஐந்துக்குப் புதிர் மூன்றரை, நடை இரண்டு. நான்கு வரிகளைக் கண்டதும் விளங்கிக்கொண்டவர்கள் மூன்றரை அதிகம் என்பார்கள். அவர்கள் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். அட, சொல்லிவிட்டேனே.

பெட்டியில் என்ன இருக்கிறது? எடுக்கலாமா?

கையொப்பமிடும் தாள், பென்சில், ஈரம் உறிஞ்சும் சிறு பொதி, பிள்ளைகளுக்கான சில்லறைப் பொருள்கள். ஒன்றை எடுத்தால் அதே பெறுமதியில் ஒன்றை வையுங்கள். தின்பண்டம் வைக்காதீர்கள், எறும்பும் எலியும் குரங்கும் உங்களைவிடக் கெட்டிக்காரத் தேடுநர்கள். தாளும் பென்சிலும் எல்லாருக்கும் பொது. மூடியைச் ‘சடக்’ என்று சத்தம் வரும்வரை நான்கு பக்கமும் அழுத்துங்கள். ஒரு பக்கம் திறந்திருந்தால் அடுத்த மழைக்குத் தாள் கூழாகிவிடும்.

எல்லா எண்ணும் சரி, கூட்டுத்தொகையும் சரி, பெட்டி மட்டும் கிடைக்கவில்லை.

பள்ளத்தாக்கிலும் சவுக்கு, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியிலும் ஜி.பி.எஸ். பத்துப் பதினைந்து மீற்றர் வரை விலகும். மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையும் கருவியை ஏமாற்றும். ஓரிடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று இலக்கம் நிலைக்க விடுங்கள். பிறகு கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள் என்று சுற்றிப் பாருங்கள். இடுப்பு உயரத்துக்கு மேலே தேடவேண்டாம், மண்ணுக்குக் கீழேயும் வேண்டாம். தேயிலைச் செடிக்குள் இல்லை, ஆகவே செடிகளை விலக்கி நடக்காதீர்கள். அது ஒருவருடைய அன்றைய சம்பளம்.

அதற்கும் கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்று இணையத்தில் பதிவு செய்யுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டால் பெட்டி தொலைந்தது எனக்குத் தெரியவே வராது. இப்படி இரண்டு பதிவு அடுத்தடுத்து வந்தால் நான் போய்ப் பார்ப்பேன். அதுவரை, பெட்டி இல்லை என்று நினைத்துப் புதிய டப்பா ஒன்றை நீங்களாகவே வைத்துவிட்டு வராதீர்கள். பிறகு இரண்டு பெட்டி இருக்கும், எது உண்மையானது என்று அடுத்தவர் எனக்குக் கேள்வி அனுப்புவார்.